மொட்டை மலைக்குப் போன ஜெனவீவ்

லூனாஸிலிருந்து கூலிம் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் ஜெனி அக்கா ஓட்டும் பஸ்ஸைப் பற்றிச் சொல்வார்கள். தொழிற்சாலைக்கு ஆளேற்றும் மற்ற கிலாங் பஸ்கள் ஆளுக்காகக் காத்திருக்கும், ஹார்ன் அடிக்கும். ஜெனி அக்கா பஸ் நிற்காது. தாமதமாக வந்தவர்களிடம் அவள் கோபித்துக்கொள்வதும் இல்லை. போய்விடுவாள், அவ்வளவுதான்.

ஜெனவீவ் பிறந்தது லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றினார்கள், குடும்பம் டவுனுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நின்றுகொண்டே பசியாறுவாள். பூசையில் கடைசி பெஞ்சில், வாசல் பக்கமாகத்தான் இடம் பிடிப்பாள். தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது வீடு கூட்டுவாள்.

புருஷன் ரோனால்ட் அவளுக்கு நேர்மாறு. டயர் கடையில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டாளிகளோடு கோலா கெடாவுக்குப் போவான், ஆறு கடலில் விழும் இடத்தில் தூண்டில் போட்டு உட்காருவான், ஒரு மீனும் சிக்காமல் சாயங்காலம் சந்தோஷமாக வீடு திரும்புவான். ஒருமுறை அவளையும் கூட்டிப்போனான். படகுத்துறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவள் நடந்த நடையைப் பார்த்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் எழுந்து வந்து, "என்ன தொலைச்சீங்க, நானும் தேடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு ரோனால்ட் அவளைக் கூப்பிடவில்லை.

ஏன் இப்படி என்று எல்லோரும் காரணம் தேடினார்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா? இல்லை. ஒரே மகன் ஜொகூரில் நல்ல வேலையில் இருக்கிறான், வாரம் தவறாமல் அழைக்கிறான். உடம்பில் ஏதாவது? டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. அவளுக்கே காரணம் தெரியாது. "கால் கேக்குது, போறேன்" என்பாள்.

காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் ஷிப்டு முடியும்வரை பஸ்ஸுக்கு வேலையில்லை. மற்ற ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். ஜெனவீவ் தொழிற்சாலைகளைச் சுற்றி நடப்பாள். நடை போதாமல் ஒரு சனிக்கிழமை ஜெராய் மலை ஏறினாள். பிறகு பாலிங் பக்கத்துக் குன்றுகள், பிறகு பேராக், கடைசியில் சபாவுக்குப் போய் கினபாலு. உச்சியில் அவள் அதிக நேரம் நின்றதே கிடையாது. படம் எடுப்பாள், தண்ணீர் குடிப்பாள், இறங்கிவிடுவாள்.

மொட்டை மலை அவள் யோசனை இல்லை. அது சாந்தினியின் யோசனை.

சாந்தினி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்பு எழுதும் கிராணி வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதையும் நிதானமாகச் செய்பவள். ஒரு கோப்பி வாங்கினால் ஆறி அவலாகும்வரை வைத்துக் குடிப்பாள். அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் பல வருஷமாக இருந்தது. லடாக்கில் எங்கோ ஒரு பழுப்பு மலை. அதில் ஒரு புல் பூண்டு கிடையாது, மேலே நீலமாக வானம் மட்டும்.

"அங்க போய் என்னடி பாக்கப்போற? ஒரு மரம்கூட இல்ல" என்று ஜெனவீவ் ஒருநாள் கேட்டாள்.

"அதுக்குத்தான் லா. தோட்டத்துல பொறந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து மரத்துக்கு மேல கண்ணு போனதில்ல. மறைக்க ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒரு தடவ நிக்கணும்."

சாந்தினி எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். லடாக் என்பது மலைகள் மறிப்பதால் மழை எட்டாத, உயரத்தில் இருக்கும் பாலைவனம். காற்றில் உயிர்வளி குறைவு. மெதுவாக ஏற வேண்டும், ஒவ்வோர் உயரத்திலும் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். அதற்கெல்லாம் நாள் ஒதுக்கித் திட்டம் போட்டு, லீவு சேர்த்து, வழிகாட்டி பிடித்து, தனியாகப் போகப் பயந்து, ஜெனவீவைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஜெனவீவ் கேட்ட மறுநிமிஷமே சரி என்றாள்.

ஆகஸ்ட் மாதம் போனார்கள். லே நகரத்தில் விமானம் இறங்கியதுமே காற்று மெலிந்திருப்பது தெரிந்தது. விடுதிப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ரிக்ஸின் என்ற வழிகாட்டி, வெயிலில் கறுத்த முகமும் மெல்லிய குரலும் உள்ள ஆள், ஆங்கிலத்தில் கண்டிப்பாகச் சொன்னான்: "படுங்க. தண்ணி குடிங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

சாந்தினி படுத்தாள். ஜெனவீவ் மதியம்வரை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். அப்புறம் தாங்கவில்லை.

"எழுந்திரிடி. கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம், படுத்துக் கெடக்க?"

சாந்தினிக்குத் தோழியிடம் மறுத்துப் பேசி வழக்கமில்லை. போனாள். மறுநாளும் மடாலயம் பார்க்க நூற்றுக்கணக்கான படிகள் ஏறினார்கள். அதற்கடுத்து ஜீப்பில் ரிக்ஸினின் கிராமத்துக்குப் போனார்கள். ஓர் ஓடை, அதன் இரு கரையிலும் பார்லி வயல், கொஞ்சம் பட்டாணி, மண்ணால் கட்டிய சில வீடுகள், அவ்வளவுதான் அந்தக் கிராமம். பச்சை ஒரு கயிறு மாதிரி ஓடையை ஒட்டி ஓடியது. கயிற்றை விட்டு வெளியே கால் வைத்தால் கல்லும் தூசியும்தான், கண் போகிற தூரம் வரைக்கும். அந்தக் கல்லுக்கு நடுவில் நின்றது அவர்கள் ஏற வந்த மலை. வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது, உயரம் மட்டும் எண்ணாகப் போட்டிருந்தது.

கிராமத்தில் இன்னும் ஒருநாள் தங்க வேண்டும் என்பது திட்டம். ஜெனவீவ் ரிக்ஸினைப் பிடித்துக்கொண்டாள். வானம் தெளிவாக இருக்கிறது, நாளை எப்படியோ, நாங்கள் இரண்டு பேரும் திடமாகத்தான் இருக்கிறோம், இன்றைக்கே மேல் முகாமுக்குப் போய்விடலாமே என்றாள். ரிக்ஸின் தலையாட்டவில்லை. சாந்தினியைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தலைவலி இருக்கா, மேடம்?"

சாந்தினி பதில் சொல்வதற்குள் ஜெனவீவ் சொன்னாள்: "அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாதான் இருக்கா. என்னடி?"

"ம்... லேசாதான்" என்றாள் சாந்தினி. தமிழில் சொன்னாள். ரிக்ஸினுக்குப் புரியவில்லை. ஜெனவீவுக்குப் புரிந்தது. அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

போனார்கள். மேல் முகாமில் சாந்தினி சாப்பிடவில்லை. விடியலில் கிளம்பி, சரளைக் கற்களில் ஓர் அடி வைத்தால் அரை அடி வழுக்கும் சரிவில் ஏறினார்கள். ஜெனவீவ் முன்னால் போனாள். வெயில் வந்தும் குளிர் விடவில்லை. உதடு வெடித்தது. உச்சியில் கட்டியிருந்த வண்ணக் கொடிகள் படபடப்பது கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், பின்னால் ரிக்ஸின் கத்துவது கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். சாந்தினி குடித்தவள் மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஜெனவீவ் ஓடி வந்து தோளைப் பிடித்தபோது, "பஸ் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"கீழ. இப்பவே" என்றான் ரிக்ஸின்.

"அதோ தெரியுதே. நான் மட்டும் தொட்டுட்டு ஓடி வந்துர்றேன், நீங்க மெதுவா..."

ரிக்ஸின் அவளை ஒரு பார்வை பார்த்தான். ஜெனவீவ் சாந்தினியின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மறு கையை ரிக்ஸின் பிடித்தான். அந்தச் சரிவில் மூன்று பேரும் விழுந்து எழுந்து இறங்கினார்கள். முகாமில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அதை முகத்தில் வைத்து, சுமை கொண்டுவந்த கழுதையில் உட்காரவைத்து, இருட்டுவதற்குள் கிராமம் வந்து சேர்ந்தார்கள். இறங்க இறங்கச் சாந்தினிக்குப் பேச்சு தெளிந்தது. மறுநாள் காலை கஞ்சி குடித்தாள்.

பிழைத்துவிட்டாள். ஜெனவீவ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். முதல் சுற்று முடிவதற்குள் எழுந்துவிட்டாள். வீட்டைச் சுற்றினாள். ரிக்ஸினின் அக்கா பத்மா ஆடுகளைப் பார்க்க மேல் முகாம் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஜெனவீவ் அவளைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், உள்ளே வந்து சாந்தினியின் கட்டிலோரம் நின்றாள்.

சாந்தினி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "போ."

"நெசமாவா?"

"போடி. நீ இங்க சுத்திக்கிட்டு இருந்தா எனக்குத் தலைவலி கூடும்."

ரிக்ஸினுக்குச் சம்மதமில்லை. அக்கா திரும்பு என்றால் திரும்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டான். பத்மாவுக்கும் ஜெனவீவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பத்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தேர்ந்த நடையாக நடந்தாள், ஜெனவீவ் முந்தப் பார்த்தபோதெல்லாம் அவள் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அடுத்த காலையில் இருவரும் உச்சியில் நின்றார்கள்.

காற்று நிற்க விடவில்லை. கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்லாத் திசையிலும் மலை. பழுப்பு, சாம்பல், செங்கல் நிறம், தூரத்தில் ஊதா. அவள் ஃபோனை எடுத்து நாலு பக்கமும் வீடியோ பிடித்தாள், சாந்தினிக்காக. பிடித்து முடித்ததும் வடக்கே இன்னும் உயரமாக ஒரு மலை நிற்பது கண்ணில் பட்டது. அது என்ன மலை என்று கை நீட்டினாள். பத்மா பெரிதாகச் சிரித்தாள். ஜெனவீவுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சுக்குள் அதே குறுகுறுப்பு, குறையாமல் இருந்தது. இறங்கலாம் என்று அவள்தான் முதலில் கையைக் காட்டினாள்.

கிராமத்துக்கு வந்து வீடியோவை நீட்டினாள்.

"நீயே வெச்சுக்க" என்றாள் சாந்தினி. பெட்டியை மூடிப் பூட்டினாள்.

கோலாலம்பூர் வரும்வரை இருவரும் சாப்பாடு, பாஸ்போர்ட், பெட்டி இவற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். சாந்தினி தனியாக ரயில் பிடித்து அலோர் ஸ்டார் போனாள். அதற்குப் பிறகு அழைத்தால் எடுக்கவில்லை.

லூனாஸில் ஜெனவீவுக்குப் பெரிய மரியாதை. பங்குச் சாமியார் பூசை முடிவில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். படங்களைத் திரையில் போட்டுப் பேசினாள். "கூட வந்த தோழிக்கு உடம்பு முடியாம போச்சு, அவங்களால ஏற முடியல" என்று அதில் ஒரு வரி. யாரோ அதைப் பதிவு செய்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அலோர் ஸ்டாருக்கும் போனது. அன்று சாயங்காலம் ஜெனவீவின் ஃபோன் அடித்தது.

"உடம்பு முடியாம போச்சா?" சாந்தினியின் குரல் உயரவே இல்லை. "ஏன் முடியாம போச்சுன்னு புள்ளைங்ககிட்ட சொன்னியா?"

ஜெனவீவ் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அன்று இரவு ஜெனவீவ் சொன்னதைக் கேட்டுவிட்டு ரோனால்ட் தட்டைக் கழுவி வைத்தான். "நேர்ல போ. ஃபோன்ல வேணாம். போனா அவங்க பேசி முடிக்கற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்காத" என்றான்.

லீவு போட்டுவிட்டு அலோர் ஸ்டாருக்குக் காடி ஓட்டிப் போனாள். மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் சாந்தினி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கோப்பி வந்தது. சாந்தினி அதைத் தொடவில்லை. ஜெனவீவுக்கு மேசைக்கு அடியில் இரண்டு காலும் ஆடின. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தலைவலின்னு உனக்குத் தெரியும்" என்றாள் சாந்தினி.

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல. சொன்னா நிப்பாட்டிருவான்னு..." ஜெனவீவ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "மன்னிச்சிருடி. நீ செத்திருப்ப."

"ஆமா. செத்திருப்பேன்." சாந்தினி கோப்பியைக் கலக்கினாள். "நான் செத்துப் பொழச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. மறுநாளே நீ போன பாரு. போன்னு சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா நீ போகமாட்டேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

ஜெனவீவுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. எழவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுப் போய், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"அடுத்த வருஷம் நான் திரும்பப் போறேன்" என்றாள் சாந்தினி. "ரிக்ஸின்கிட்ட பேசிட்டேன்."

"நான் வரேன். நீ சொல்ற வேகத்துல நடக்கறேன். சாமி சத்தியமா."

"வா. ஆனா மேல வராத. உன்கூட நடந்தா உன் வேகம்தான் லா, நீ நெனச்சாலும் மாத்த முடியாது. கீழ, கிராமத்துல இரு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கீழ ஒரு ஆள் வேணும். முடியுமா?"

கினபாலுவுக்கு யோசிக்காமல் கிளம்பியவள், லடாக்குக்கும் உடனே சரி சொன்னவள், இதற்கு மட்டும் யோசித்தாள். "முடியுமான்னு தெரியல. வரேன்" என்றாள்.

அடுத்த ஆகஸ்டில் சாந்தினி தன் திட்டப்படியே எல்லாம் செய்தாள். லேயில் படுத்தே கிடந்தாள். ஜெனவீவும் பக்கத்துக் கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்தாள். கிராமத்தில் தங்க வேண்டிய நாளெல்லாம் தங்கினார்கள். பிறகு ஒரு காலை சாந்தினியும் ரிக்ஸினும் கிளம்பினார்கள். கடைசி வயலின் கல்சுவரைக் காட்டி சாந்தினி சொன்னாள்: "இதத் தாண்டி வராத."

முதல் நாள் எப்படியோ போனது. பட்டாணி பறித்தாள். பத்மாவின் அடுப்படியில் அடுக்கியிருந்த செம்புப் பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் பளபளவென்று தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பத் தேய்க்க எடுத்தபோது பத்மா துணியைக் கையிலிருந்து பிடுங்கினாள். வாய்க்காலில் மடை மாற்றக் கூடப் போனாள். சுவர் வரைக்கும் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். கிராமத்து நாய் இரண்டு தடவை கூட வந்துவிட்டு, மூன்றாம் தடவை படுத்தபடியே பார்த்தது.

உச்சிக்குப் போகும் நாளன்று மதியத்துக்கெல்லாம் திரும்பிவிடுவோம் என்று ரிக்ஸின் சொல்லியிருந்தான். மதியம் ஆனது. யாரும் வரவில்லை. மலையின் தோளில் சாம்பலாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. ஜெனவீவ் சுவரோரம் நின்றாள். ஃபோனில் சிக்னல் இல்லை. போன வருஷம் சாந்தினி தள்ளாடியதும், "பஸ் வந்துருச்சா" என்று கேட்டதும் கண்ணுக்குள் ஓடின. வாய் தானாக அருள் நிறைந்த மரியே சொன்னது, கால் அதன் பாட்டுக்குச் சுவரைத் தாண்டியது.

ஓடையைக் கடக்கும் கற்கள்வரை வேகமாகப் போனாள். முதல் கல்லில் கால் வைத்தபோதுதான் தோன்றியது. அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தால், பாதி வழியில் என் தலையைப் பார்த்தால், சாந்தினி என்ன செய்வாள்? அவசரப்படுவாள். நான் காத்திருக்கிறேனே என்று கால் எட்டிப் போடுவாள். அந்தச் சரளையில் அவசரப்பட்டால்...

ஜெனவீவ் அந்தக் கல்லிலேயே நின்றாள். உடம்பு முழுக்க மேலே போ போ என்று தள்ளியது. அப்படி ஒரு வேதனையை எந்த மலை ஏற்றத்திலும் அவள் பட்டதில்லை என்று பிறகு ரோனால்டிடம் சொன்னாள். கடைசியில் திரும்பி வந்து சுவருக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்தாள். பத்மா ஒரு கிண்ணத்தில் உப்புத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஏடு படிந்து ஆறிப்போனது.

மேகம் கலைந்தது. நிழல் வயல் முழுக்க நீண்ட நேரத்தில், சரிவில் இரண்டு புள்ளி தெரிந்தது. முன்னால் இருந்தது சாந்தினி. நடந்தாள், நின்றாள், எதையோ பார்த்தாள், நடந்தாள். ஜெனவீவ் எழவில்லை. சாந்தினி சுவரைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் எழுந்தாள்.

சாந்தினியின் முகம் முழுக்கத் தூசி. மூக்கு தோல் உரிந்திருந்தது.

"தொட்டியாடி?"

"தொட்டேன்."

"ஏன் இவ்வளவு நேரம்? என் உசுரே போயிருச்சு!"

"மேல உக்காந்திருந்தேன் லா." சாந்தினி பையைக் கழற்றிப் போட்டாள். "இவன்தான் பாவம், மேடம் போலாம், மேடம் போலாம்னு சுத்திச் சுத்தி வந்தான். எனக்கு எந்திரிக்க மனசே வரல."

ரிக்ஸின் தன் பெயர் அடிபடுவதைப் புரிந்துகொண்டு இரண்டு கையையும் விரித்தான். குளிரில் அவனுக்குப் பல் இன்னும் தந்தியடித்தது.

சாந்தினி காலணியைக் கழற்ற முடியாமல் நின்றாள். ஜெனவீவ் மண்டியிட்டு நாடாவை அவிழ்த்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சாந்தினி வலியில் அவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஜெனவீவும் கத்தினாள். அடுப்படி வாசலில் நின்று பத்மா இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பிட்டதும் சாந்தினி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். ஜெனவீவ் அவளைச் சரித்துப் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே வந்து ரிக்ஸினிடம் கேட்டாள்: "வடக்கால ஒரு பெரிய மலை தெரியுமே, அதுக்குப் போக எத்தன நாள் தங்கிப் பழகணும்?"

ரிக்ஸின் யோசித்துச் சொன்னான்.

"அவ்வளவு நாளா?" என்றாள் ஜெனவீவ். இருட்டும்வரை வாய்க்கால் கரையில் மேலும் கீழுமாக நடந்தாள்.